ராஜாஜி எதிர்த்த ஊசி

1955ஆம் ஆண்டு ராஜாஜி ஒரு சிறு நூல் எழுதினார். விஷயம் ராமாயணமும் இல்லை, மதுவிலக்கும் இல்லை. நாடெங்கும் பிள்ளைகளின் கையில் போடப்பட்டுக்கொண்டிருந்த பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியைத் தாம் ஏன் எதிர்க்கிறார் என்பதை ஆங்கிலத்தில், ஒரு பழைய வக்கீலின் ஒழுங்கோடு, அதில் அடுக்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 76. முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கி ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகியிருந்தது. பதவியில் இருந்தபோது அவர் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. பதவி போனவருக்குப் பொழுது போகவில்லை என்று சிரித்தவர்கள் உண்டு. அதைவிடக் கூர்மையான கேள்வியைக் கேட்டவர்களும் உண்டு. 1948ல் இந்த ஊசித் திட்டம் தொடங்கியபோது கவர்னர் ஜெனரலாக அமர்ந்திருந்தவர் இவர்தானே, அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை?

கேலியும் நியாயம்தான், கேள்வியும் நியாயம்தான். ஆனாலும் அந்த நூலை ஒரு கிழவரின் பிடிவாதம் என்று மூடி வைத்துவிட முடியாது. அதில் இருந்த ஒரு கேள்விக்கு விடை தேடி, பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகின் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று நடந்தது. வந்த விடை மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது.

சுதந்திரம் வந்த நேரத்துக் கணக்கைப் பார்த்தால் அரசின் அவசரம் புரியும். போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் கமிட்டி 1946ல் கொடுத்த அறிக்கையின்படி நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள். ஆண்டுக்கு 5 லட்சம் சாவு. அவர்களுக்கென்று இருந்த மருத்துவமனைப் படுக்கைகளோ ஏறக்குறைய 6,000. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் ஒரு மிஷன் சானடோரியம், தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928ல் தொடங்கிய சானடோரியம் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தாம் தென்னிந்தியாவில். நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு. இதுதான் வைத்தியம். இடம் கிடைத்தவர் படுத்துக் கிடந்தார். கிடைக்காதவர் வீட்டுத் திண்ணையில் இருமினார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத மருந்து.

இந்த நிலையில் ஒரு சில அணா செலவில் நோயையே தடுக்கலாம் என்று ஒருவர் வந்து சொன்னால் எந்த அமைச்சர் வேண்டாம் என்பார்? டென்மார்க் செஞ்சிலுவைச் சங்கமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்திய உலகளாவிய இயக்கம் இந்தியாவுக்கும் வந்தது. 1948ல் மதனப்பள்ளியில் வேலை தொடங்கியது. ஊசி மருந்தைத் தயாரிக்க அதே ஆண்டு கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இதைத் தம் சொந்தப் பணி போலவே எடுத்துக்கொண்டார். அவர் காந்தியின் செயலாளராக இருந்தவர். எதிர்த்த ராஜாஜியோ காந்தியின் சம்பந்தி. ஓர் ஊசிக்கு இரு பக்கமும் நின்றவர்கள் ஒரே ஆசிரமத்துச் சொந்தங்கள்.

எதிர்ப்பை முதலில் கிளப்பியவர் ராஜாஜி அல்லர். சென்னையில் சுகாதாரப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஏ.வி.ராமன் என்பவர், ஊசி வந்த சூட்டோடு 'தி இந்து'வுக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார். வாழ்நாளெல்லாம் குடிநீரும் சாக்கடையுமாகக் காலம் கழித்தவர் அவர். காசநோய் இருட்டு வீட்டிலும் அரை வயிற்றிலும் வளர்கிற நோய், அதற்கு வீடும் சோறும் கொடுக்காமல் ஊசியைக் கொடுப்பது ஏமாற்று வேலை என்பது அவர் கட்சி. இங்கிலாந்தில் கூடப் பொதுவாகப் போடாத ஊசியை நம் பிள்ளைகள் மேல் சோதித்துப் பார்ப்பதா என்றும் கேட்டார். அப்போது அது உண்மையும்கூட. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பி.சி.ஜி. வந்தது 1953ல்தான். அமெரிக்கா அதைப் பொதுத் திட்டமாக ஏற்கவே இல்லை.

ராஜாஜி இந்த வாதங்களைக் கையில் எடுத்துக்கொண்டபோது அவற்றுக்கு ஒரு புதிய எடை வந்தது. பி.சி.ஜி. செத்த கிருமி அல்ல, உயிருள்ள கிருமி. மாட்டுக் காசநோய்க் கிருமியை கால்மெட், கெரென் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1908 முதல் 13 ஆண்டுகள், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குன்றச் செய்தார்கள். 1921ல் பாரிஸில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். குன்றிய வீரியம் திரும்பி வராது என்று யார் உறுதி சொல்வது? ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் 1930ல் இந்த மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் 72 பேர் இறந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டதுதான் காரணம், பி.சி.ஜி.யின் குற்றமில்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் ஒரு தாய்க்கு அந்த வித்தியாசம் எந்த ஆறுதலைத் தரும்? கிண்டியில் அப்படி ஒரு கலப்பு நேராது என்று சத்தியம் செய்ய யாரால் முடியும்?

இதற்கு மேல் ஒரு புகார் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஊசிக் குழு வரும், பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், மாலையில் வீட்டுக்கு வந்து கையைக் காட்டும்போதுதான் பெற்றவர்களுக்கே தெரியும் என்றார்கள். விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த திட்டத்தில் விருப்பத்தைக் கேட்டது யார் என்பதுதான் அந்தப் புகாரின் உயிர்.

சென்னைக்கு இந்தச் சண்டை புதிதல்ல. ஊசிக்கும் ஊருக்கும் இடையில் அதற்கு முன்பே ஒன்றரை நூற்றாண்டுக் கணக்கு இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் 1955ஐப் புரிந்துகொள்ள முடியாது.

அந்தக் கணக்கு பெரியம்மையில் தொடங்குகிறது. பெரியம்மை வந்தவர்களில் பத்தில் மூன்று பேர் சாவார்கள். பிழைத்தவர் முகத்தில் தழும்பு, சிலருக்குக் கண் போய்விடும். ஜென்னர் 1798ல் இங்கிலாந்தில் வெளியிட்ட மாட்டம்மை முறை நான்கே ஆண்டுகளில் இந்தியா வந்து சேர்ந்தது. வியன்னா, பாக்தாத், பஸ்ரா என்று கை மாறி, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தப்பட்டது. அந்தக் குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்த அம்மைப்பால்தான் பிறகு நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது. சில மாதங்களில் சென்னைக்கும் வந்துவிட்டது. மைசூர்ப் பகுதியில் இருந்த பாதிரியார் அபே துபுவா 1803, 1804 ஆண்டுகளில் 25,432 பேருக்கு அம்மை குத்தச் செய்ததாகப் பதிவு இருக்கிறது. மைசூர் அரண்மனையும் ஒத்துழைத்தது. தாமஸ் ஹிக்கி வரைந்த மூன்று அரச குலப் பெண்களின் ஓவியம் ஒன்று உண்டு. அதில் ஒருவர் சேலைத் தலைப்பை விலக்கி மேல்கையைக் காட்டுகிறார். இன்னொருவருக்கு மூக்கைச் சுற்றி நிறம் வெளிறியிருக்கிறது. முன்னவர் மாட்டம்மைப் பால் குத்திக்கொண்டவர், பின்னவர் பழைய முறைப்படி பெரியம்மைச் சீழையே பயன்படுத்திக்கொண்டவர், இந்த ஓவியமே ஒரு விளம்பரம் என்று நைஜல் சான்சலர் என்ற வரலாற்றாளர் வாதிடுகிறார். அப்படியானால் இந்தியாவின் முதல் சுகாதார விளம்பர முகங்கள் மைசூர் ராணிகள்தாம்.

ராணிகள் ஏற்றதை ஊர் ஏற்கவில்லை. அம்மை என்பது நோய் என்பதற்கு முன்னால் ஆத்தாளின் வருகை. முத்து போட்டிருக்கிறது என்பார்களே தவிர நோய் வந்திருக்கிறது என்று சொல்ல நாக்கு கூசும். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வீட்டில் தாளிக்க மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டின் நடமாட்டமே வேறு. வெள்ளைக்கார அதிகாரிகள் இதை மூடநம்பிக்கை என்று குறிப்பு எழுதி முடித்துக்கொண்டார்கள். ஆனால் மறுப்புக்கு ஆத்தாள் மட்டும் காரணமில்லை. அந்தக் காலத்து அம்மை குத்தலை ஒரு தாயின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வாக்சினேட்டர் வருகிறார். ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்ததை இன்னொரு குழந்தையின் கையில் கீறித் தேய்க்கிறார். அது எந்த வீட்டுப் பிள்ளை, எந்தச் சாதிப் பிள்ளை, அதற்கு வேறு என்ன நோய் இருந்தது என்று தெரியாது. எட்டாம் நாள் அவர் திரும்பி வந்து, காய்ச்சலில் அனத்துகிற குழந்தையின் கொப்புளத்தைக் கிழித்து அடுத்த ஊருக்குப் பால் எடுத்துப் போவார். இதில் மேகநோய் போன்றவை தொற்றும் ஆபத்து உண்மையாகவே இருந்ததை ஐரோப்பிய மருத்துவர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள்.

அத்தோடு முடியவில்லை. ஒரு முறை குத்தினால் ஆயுளுக்கும் அம்மை வராது என்று ஜென்னர் காலத்து மருத்துவர்கள் உறுதி சொன்னார்கள். குத்திக்கொண்ட பிள்ளை பத்து வருடம் கழித்து அம்மை வந்து படுத்ததை ஊர் கண்ணால் பார்த்தது. பாதுகாப்பு நாளாவட்டத்தில் குறையும், திரும்பக் குத்த வேண்டும் என்பதை மருத்துவம் முழுமனதாக ஏற்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. கோடை வெயிலில் பால் வீரியம் இழந்து போய், வெறும் கீறலாக முடிந்த குத்தல்களுக்கும் கணக்கில்லை. ஊர் தப்பாக எண்ணிப் பார்த்தது என்று சொல்வதற்கில்லை.

ஊரை மயக்க ஒரு தந்திரமும் நடந்தது. சென்னை கலெக்டராக இருந்த எல்லிஸை நமக்குத் தெரியும். குறளை மொழிபெயர்த்தவர், திராவிட மொழிக் குடும்பத்தை கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே சுட்டிக் காட்டியவர். அவர் அம்மை குத்துவதைப் பரப்ப, பசுவின் புனிதத்தையும் தன்வந்திரியின் பெயரையும் துணைக்கு அழைத்துத் தமிழில் ஒரு புராணக் கதையே இயற்றினார். 1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்பன்' என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. பசுவின் மடிக் கொப்புளத்து நீரை எடுத்து மேல்கையில் குத்தும் முறை தன்வந்திரியின் பழைய சமஸ்கிருத நூலிலேயே இருக்கிறது என்றது அந்தக் கடிதம். அப்படி ஒரு சுலோகம் எந்தப் பழைய ஏட்டிலும் இல்லை. இந்த விவகாரத்தைத் துருவி ஆராய்ந்த சமஸ்கிருத அறிஞர் டொமினிக் வூயாஸ்டிக் இதை நல்லெண்ணத்தோடு செய்த மோசடி என்கிறார்.

மோசடி தான் நினைத்த காரியத்தைச் செய்ததா என்றால், கிராமத்தில் பெரிதாக எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. படித்தவர்கள்தாம் விழுந்தார்கள். கை விட்டுக் கை மாற்றும் முறை போய், கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்த பிறகு, அதைத் தயாரிக்க 1899ல் கிண்டியில் ஓர் இடம் ஏற்பட்டது. சென்னை மாகாண சுகாதார ஆணையர் டபிள்யூ.ஜி.கிங்கின் பெயரைத் தாங்கி அது கிங் இன்ஸ்டிட்யூட் ஆயிற்று. வெப்பத்தில் கெடாமல் அம்மைப்பாலை லானோலின் பசையில் கலந்து அனுப்பும் வழியைக் கண்டவர் அவர். அந்த நிறுவனத்தை 1905ல் திறந்து வைத்த ஆளுநர் ஆம்ப்ட்ஹில் பிரபு, பண்டைய இந்தியருக்கு அம்மை குத்துதல் தெரிந்திருக்கலாம் என்று கர்னல் கிங் தம்மிடம் சொன்னதாக மேடையிலேயே பேசினார். ஊரை ஏமாற்றக் கட்டிய கதை எண்பத்தாறு ஆண்டு சுற்றி, ஊசி மருந்து செய்கிறவர்களின் வீட்டுக்கே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. இன்றும் அதைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கதை பலிக்காத இடத்தில் சட்டம் வந்தது. 1880ஆம் ஆண்டுத் தடுப்பூசிச் சட்டம் நகராட்சிகளுக்கு அம்மை குத்தலைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. பழைய முறைக் குத்தலுக்குத் தடையும் போட்டது. குத்துகிறவர் தெருவுக்குள் நுழைந்தால் பிள்ளைகளை ஒளித்து வைப்பது தமிழ்நாட்டுக் குடும்பக் கதைகளில் தாத்தா பாட்டி காலம் வரை தொடர்ந்தது. கையில் வட்டச் சில்லை வைத்துத் திருகுவார்கள். வலி தாங்காமல் பிள்ளை அலறும். வலியைப் பார்த்த தெருவுக்கு வராத நோயைப் பார்க்க வழியில்லை.

1913ல் காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் உடல்நலம் பற்றி எழுதிய தொடரில், அம்மை குத்துவதை அருவருப்பான பழக்கம் என்றே தள்ளினார். பசுவை வதைத்து எடுப்பது, சுத்தமான உடம்பில் அசுத்தத்தை ஏற்றுவது என்பன அவர் சொன்ன காரணங்கள். ராஜாஜியின் எதிர்ப்பில் இந்த வாசனை நிச்சயம் உண்டு. ஆனால் அதுவே முழுவதும் என்று சொன்னால் அவருக்கு அநியாயம். காந்தியின் மறுப்பு கொள்கை சார்ந்தது. ராஜாஜியின் நூல் அத்தாட்சி கேட்டது.

அத்தாட்சி இல்லாமலும் இல்லை. ஆஸ்லோவில் செவிலியர்களிடையே ஹைம்பெக் செய்த ஆய்வு பி.சி.ஜி.க்குச் சாதகமாக இருந்தது. அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே 1930களில் ஆரன்சன் தொடங்கிய சோதனையும் அப்படியே. 1956ல், அதாவது ராஜாஜியின் நூல் வந்த மறு ஆண்டு, பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகள் 50,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய பெரிய சோதனையின் முதல் அறிக்கை வெளியானது. ஐந்தில் நான்கு பங்கு பாதுகாப்பு என்றது அது. அரசுத் தரப்பு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. கிழவர் தோற்றார் என்றே அன்றைக்குப் பலரும் முடிவு கட்டினார்கள்.

ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் நடந்த சோதனையில் பாதுகாப்பு வெறும் 14 சதவீதம். போர்ட்டோ ரிக்கோவில் 31. ஒரே ஊசி, ஊருக்கு ஊர் வேறு வேறு பலன். நார்வேயில் வேலை செய்தது சென்னையில் செய்யுமா என்ற கேள்வி திடீரென்று விஞ்ஞானிகளின் கேள்வியாகவும் ஆகிவிட்டது.

களத்தில் ஊசி எப்படிப் போடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் டியூபர்குலின் என்ற பரிசோதனை ஊசி. மூன்றாம் நாள் குழு திரும்பி வந்து கையில் தடிப்பு எவ்வளவு என்று அளக்கும். தடிப்பு உள்ளவர் ஏற்கனவே கிருமியைச் சந்தித்தவர், அவருக்கு பி.சி.ஜி. கிடையாது. இல்லாதவருக்கு மட்டும் போடுவார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஓர் ஊசி, நமக்கு இரண்டு ஊசி ஏன் என்று கேட்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லக் குழுவுக்கு நேரம் இருக்கவில்லை. அன்றாட எண்ணிக்கையை எட்ட வேண்டும். மருந்து திரவ வடிவில் இரண்டு வாரம் போலத்தான் தாங்கும், குளிரில் வைக்க வேண்டும். வெயில் பட்டால் வீரியம் குறைகிறது என்பது 1950களின் ஆய்வில்தான் தெளிவானது. அதற்கு முன்னால் வேப்பமரத்தடியிலும் பள்ளி முற்றத்திலும் மருந்தைத் திறந்து வைத்துப் போட்ட ஊசிகளில் எத்தனை வெறும் நீராகப் போயினவோ.

செங்கல்பட்டு சோதனை 1968ல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கைகோத்தன. சென்னைக்கு மேற்கே, அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் குழுக்கள் வீடு வீடாக ஏறி இறங்கின. பெயர் பதிவு, டியூபர்குலின், எக்ஸ்ரே, சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை. 1971 வரை நீண்ட இந்தச் சேர்க்கையில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத போலி ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. மருந்திலும் குறை சொல்ல இடம் வைக்காமல், அன்று உலகில் வீரியமானவை என்று பெயரெடுத்த பாரிஸ், கோபன்ஹேகன் வகைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எக்ஸ்ரே வண்டி மண் சாலையில் போய் நிற்க, வயலிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு வந்து படம் எடுத்து, ஆண்டுகள் கழித்து அதே ஆளைத் தேடிப் பிடித்து மறுபடியும் படம் எடுத்த அந்த உழைப்புக்கு ஈடு சொல்ல இந்திய மருத்துவத்தில் அதிக உதாரணங்கள் இல்லை.

முதல் முடிவுகள் 1979ல் வந்தன. ஏழரை ஆண்டுத் தொடர் கண்காணிப்பில், நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. லண்டனின் 'லான்செட்' இதழ் இதைப் பற்றிய குறிப்புக்கு 'இந்தியாவிலிருந்து கெட்ட செய்தி' என்ற பொருளில் தலைப்பு வைத்தது. 15 ஆண்டு முடிவு 1999ல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளாக ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 27 சதவீதம் போல, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவில்.

காரணம் என்ன? இன்று பலரும் ஏற்கும் விளக்கம் ஒன்று உண்டு. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான கிருமிகள் வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் நிறைய இருக்கின்றன. சேற்றில் நடந்து, குளத்தில் குளித்து வளர்கிற பிள்ளையின் உடம்பு அவற்றைச் சிறு வயதிலேயே சந்தித்துவிடுகிறது. அதன் பிறகு போடுகிற பி.சி.ஜி.யால் புதிதாகச் செய்ய அதிகம் மிச்சமிருப்பதில்லை. குளிர் நாட்டுப் பிள்ளைக்கு அந்த முன் அறிமுகம் இல்லை, அதனால் ஊசி முழுப் பலன் தருகிறது. இந்தத் தூரத்து உறவுக் கிருமிகளால் வரும் டியூபர்குலின் தடிப்புகளை மதனப்பள்ளிப் பகுதியிலேயே 1950களில் கவனித்திருந்தார்கள்.

அப்படியானால் ராஜாஜி ஜெயித்தாரா? பாதிதான். ஊசி ஆபத்தானது என்ற அவர் பயம் பொய்த்தது. கோடிக்கணக்கான குழந்தைகள் போட்டுக்கொண்ட, மிகப் பாதுகாப்பான தடுப்பூசிகளில் ஒன்றாக அது நிலைபெற்றுவிட்டது. அது நமக்கு வேலை செய்யும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்ற அவர் வாதம் நின்றது. முதல் முடிவு வெளியாகும்போது அவர் உயிரோடு இல்லை. 1972 டிசம்பரில் மறைந்துவிட்டார். வெறுங்கையோடு நின்று எதிர்த்த பொறியாளர் ராமனையோ யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அரசுத் தரப்பின் தவறு ஊசி போட்டதில் இல்லை. ஐந்து லட்சம் பேர் சாகும் நாட்டில் கையில் கிடைத்த ஆயுதத்தை எடுத்தது சரியே. கேள்வி கேட்டவர்களையெல்லாம் அறிவியலின் எதிரிகள் என்று ஒரே கட்டாகக் கட்டியதுதான் தவறு. தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தால் குழுவினருக்கும் சங்கடம் குறைந்திருக்கும்.

அப்படிச் சொன்ன இடமும் சென்னையிலேயே உண்டு. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளியை வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று சோதித்தது. சானடோரியத்துக்கு அனுப்பாவிட்டால் குடும்பமே தொற்றிச் சாகும் என்ற அச்சம் மருத்துவர்களிடையேதான் அதிகம் இருந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள், குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து வரவில்லை என்று 1959ல் தெரிந்தது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

பெரியம்மையிலும் கடைசிக் கட்டத்தில் பார்த்துக் கற்றவர்களே காரியத்தை முடித்தார்கள். தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ.ராமச்சந்திர ராவ் ஏறக்குறைய 7,000 பெரியம்மை நோயாளிகளை வருடக்கணக்கில் கவனித்து 1972ல் ஒரு நூல் எழுதினார். அம்மை காற்றாகப் பறந்து ஊரை அழிப்பதில்லை, நெருங்கிப் பழகும் வீட்டாருக்குத்தான் பெரும்பாலும் போகிறது என்பது அவர் கண்டது. எல்லோரையும் துரத்திக் குத்துவதைவிட, நோய் கண்ட வீட்டைச் சுற்றிக் குத்தினால் போதும் என்ற வழி தமிழ்நாட்டில் சீக்கிரமே பலன் கொடுத்தது. நாட்டில் கடைசிப் பெரியம்மை 1975ல் முடிந்தது.

பி.சி.ஜி. இன்றும் தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த சூட்டோடு இடது மேல்கையில் போடப்படுகிறது. பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்க அது போதாது என்றாலும், சிசுக்களைத் தாக்கும் காசநோய் மூளைக்காய்ச்சலையும் உடல் முழுதும் பரவும் காசநோயையும் நன்றாகத் தடுக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. சில வாரங்கள் கழித்து அந்த இடத்தில் சின்னக் கட்டி கிளம்பி, உடைந்து, ஆறித் தழும்பாகும். அதற்கு மருந்து போட வேண்டாம், பிதுக்க வேண்டாம். சில குழந்தைகளுக்குத் தழும்பே விழாது, அதற்காகத் திரும்ப ஊசி போடவும் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய நிலை. ஐயம் இருந்தால் செவிலியரிடம் கேளுங்கள், பதில் சொல்ல வேண்டியது அவர் கடமை.